வீடு பார்க்க வரும் தோட்டக் குழுக்கள் தண்ணீர் போகும் வழியையும் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத்தோட்டக் குழுக்கள் ஒருநாள் பயணமாகச் செட்டிநாடு வந்து போகலாம் என்று உங்கள் இதழ் எழுதியிருந்தது நல்ல செய்தி. ஆனால் கூடவே கொடுத்திருந்த பட்டியலை அப்படியே நம்பி வந்தால் எதையும் உருப்படியாகப் பார்க்க முடியாது. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருமயம், சித்தன்னவாசல், புதுக்கோட்டை அருங்காட்சியகம், நடுவில் கண்டாங்கிச் சேலைக் கடை. கோயில்கள் நடுப்பகலில் நடை சாத்திவிடும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மீதி நேரம் வண்டியில் ஏறி இறங்குவதிலேயே கரைந்துவிடும்.

தோட்டக்காரர்கள் வரும் பயணத்துக்கு ஒரு வீடு, ஒரு ஊருணி, ஒரு பண்ணை போதும். இந்த மூன்றையும் இணைப்பது தண்ணீர். இங்கே நிலம் செம்மண்ணும் சரளையும், அடியில் செம்பூரான்கல் என்னும் செந்நிறப் பாறை. வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவத்தில் பெய்வதைப் பிடித்து வைத்துத்தான் ஊர் பிழைத்தது. செட்டிநாட்டு வீட்டின் கூரையும் அந்தக் கணக்கில் போட்டதுதான்.

வளவுக்குள் (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் முற்றத்தை நோக்கி இறங்கும். சரிவுகள் சேரும் மூலைகளில் தண்ணீர் ஓடத் தகரக் காடி இருக்கும். முற்றத்துக் கல்தளம் தாழ்வாரத்தைவிடப் பள்ளம். ஒரு மூலையில் தண்ணீர் வெளியேற வழி. முதல் மழையில் கூரைத் தூசியும் பறவை எச்சமும் கழுவிப் போக விட்டுவிட்டு, அடுத்து வருவதை அண்டாவிலும் கொப்பரையிலும் பிடிப்பார்கள். மிஞ்சியது கிணற்றுக்கோ தெரு வாய்க்காலுக்கோ போகும். கணக்கும் எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 500 சதுர மீட்டர் ஓட்டுக்கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 10,000 லிட்டர். ஓடு உறிஞ்சுவதும் தெறிப்பதும் ஐந்தில் ஒரு பங்கு என்று கழித்தாலும் 8,000 லிட்டர் கையில் நிற்கும். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் தங்கள் வீட்டுத் தளத்துக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் வந்ததற்குப் பயன் உண்டு.

பலர் கேட்கும் கேள்வி, இவ்வளவு பெரிய முற்றத்தில் ஏன் செடி இல்லை என்பது. அது மழை பிடிக்கவும் வற்றல் காய வைக்கவும் சடங்குகளுக்கும் உள்ள இடம். இப்போது அழகுக்காகச் சில இடங்களில் தொட்டிகளை வரிசையாக வைக்கிறார்கள். உதிரும் இலை தண்ணீர் வழியை அடைக்கும், தேங்கிய நீர் தூண் அடிக்கு ஏறும், பர்மாத் தேக்காக இருந்தாலும் அடி ஈரத்தில் கெடும். செடிக்கு உரிய இடம் வீட்டின் கடைசிக் கட்டுக்கு (பின்பகுதிக்கு) அப்பால் உள்ள கொல்லை. அடுப்படித் தண்ணீர் பாயும் வாழை, கிணற்றடியில் எலுமிச்சை, கறிவேப்பிலை, நந்தியாவட்டை, வேலியோரம் முருங்கை. வழிகாட்டிகள் பெரும்பாலும் பட்டாலை என்னும் கூடத்தோடு நிறுத்திவிடுவார்கள். கொல்லை வரை பார்க்க அனுமதி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அனுமதியில்தான் பல குழுக்கள் தடுமாறுகின்றன. ஒரு வீடு பல பங்காளிகளுக்குப் பொது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளிக்கு (மணமான ஒரு குடும்பத்துக்கு) உரியவை. ஒருவர் சரி என்றால் பொதுவிடம் பார்க்கலாம், பூட்டிய அறையைத் திறக்கச் சொல்ல முடியாது. கட்டணம் வாங்கி அனுமதிக்கும் ஆத்தங்குடி பெரிய வீடு போன்றவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. மற்ற வீடுகளுக்கு இரண்டு வாரம் முன்பே பேசுங்கள், முந்தின நாள் மாலை மறுபடி பேசுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுக்கும் தொகையைக் குழுவே ஒன்றாகக் கொடுத்துவிட வேண்டும்.

மார்கழியும் தை முன்பாதியும் நல்ல காலம். மழை ஓய்ந்து ஊருணி நிறைந்திருக்கும், மார்கழியில் கல்யாணமும் இராது. ஆனால் திருக்கார்த்திகை கழிந்து 21 நாளில் வரும் பிள்ளையார் நோன்பையும் பொங்கலையும் தவிர்க்க வேண்டும். குடும்பங்கள் ஊருக்குத் திரும்பும் நாட்கள் அவை. குழுக்கள் ஞாயிற்றுக்கிழமையைத்தான் விரும்புகின்றன. அன்று பண்ணைகளில் ஆள் இருக்கமாட்டார்கள். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, செட்டிநாட்டில் உள்ள மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்துக்கோ கடிதம் கொடுத்து வேலை நாளில் நேரம் வாங்குங்கள். கடிதத்தில் எத்தனை பேர், என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பது இருக்கட்டும். "பார்வையிட" என்று மட்டும் எழுதினால் வரவேற்பறையோடு திரும்ப வேண்டியதுதான். புதுக்கோட்டை வழியாக வருகிறவர்களுக்குக் குடுமியான்மலை அண்ணா பண்ணை வாகானது.

இருபது பேருக்கு மேல் வேண்டாம். வளவுக்குள் குரல் எதிரொலிக்கும், பின்வரிசைக்கு ஒன்றும் விளங்காது. பெரிய பேருந்தைவிட வேன் நல்லது. காலை 7 மணிக்கு ஊருணி: வரத்துக்கால் (தண்ணீர் வரும் வாய்க்கால்) எந்தப் பக்கம், கரையில் என்ன மரம், படித்துறையில் நீர்மட்டம் எங்கே என்று பார்க்க ஒரு மணி நேரம் போதும். குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைக்கக் கூடாது. பலகாரத்துக்குப் பிறகு 9.30க்கு வீடு, இரண்டு மணி நேரம். பல வீடுகளில் வருகிறவர்களுக்கென்று கழிப்பறை இல்லை. முதியவர்கள் அதிகம் வரும் குழுக்கள் இதைத் திட்டத்திலேயே எழுதிக்கொள்வது அவசியம். மெஸ்ஸில் தலைக்கணக்கை முந்தின நாளே சொல்லாவிட்டால் ஒரு மணி நேரம் வீண். பண்ணைக்கு மாலை 3 மணி.

செருப்பைத் திண்ணையில் விடுவது மரியாதைக்காக மட்டுமல்ல. அடியில் ஒட்டிய சரளைத் துகள் தரையைக் கீறும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதன்று. கண்ணாடித் தட்டின்மேல் அச்சு வைத்து, சிமெண்ட் கலந்த வண்ணத்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊற வைத்து எடுப்பது. பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. ஆசிட் பட்டால் போய்விடும். வாங்கிப் போகிறவர்கள் பூந்தொட்டிக்கு அடியில் பதிக்க வேண்டாம். ஓயாத ஈரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

கேட்காமல் போத்து (நடுவதற்கான கிளைத் துண்டு) ஒடிக்கும் பழக்கம் எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கையால் முறித்த கிளை தோல் கிழிந்து தாய்ச்செடியையும் கெடுக்கும். வீட்டு ஆச்சியிடம் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. கூரிய கத்தரியால் பென்சில் கனத்தில், மூன்று நான்கு கணு இருக்க, 15 சென்டிமீட்டர் வெட்டி, அடி இலைகளை நீக்கி, ஈரத் தாளில் சுற்றி நிழலில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் விட்டால் மாலைக்குள் வெந்துவிடும். இங்கே வடியும் மண்ணில் பழகிய செடி கரிசலில் நட்டால் வேர் அழுகும். குழியில் மணல் கலந்து நடவும்.

பதிலுக்குக் குழுக்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. மழை முடிந்ததும் சுண்ணாம்புச் சுவரின் வெடிப்புகளில் அரசும் ஆலும் முளைக்கும். இரண்டு இலைப் பருவத்தில் விரலால் எடுத்துவிடலாம். வேர் உள்ளே ஓடிய பிறகு பிடுங்கினால் காரையும் செங்கல்லும் சேர்ந்து வரும். அப்போது தண்டை மட்டும் ஒட்ட வெட்டிவிட்டு, இடத்தைப் படம் எடுத்து உரிமையாளரிடம் கொடுங்கள். மீதியைச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் பார்க்க வேண்டும், சிமெண்ட் பூசி மூடக் கூடாது. எட்டும் உயரத்தில் உள்ளதோடு நிறுத்துங்கள். ஓட்டின்மேல் ஏறவே வேண்டாம், பாசியில் வழுக்கும், பழைய ஓடும் உடையும்.

சுற்றுலாப் பக்கத்தில் அடுத்த முறை ஊர்ப் பெயர்களோடு விடுமுறை நாட்கள், கோயில் நடை நேரம், பண்ணைகளுக்குக் கடிதம் அனுப்பும் முகவரி ஆகியவற்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டுத்தோட்டக் குழு ஒன்றின் பயண ஒருங்கிணைப்பாளர்கள்,
காரைக்குடி