ஆயாவின் முத்துமாலை

இராயபுரம்

அன்பு மகளுக்கு,

உன் நாத்தனார் அனுப்பிய புதுமனை புகுவிழாப் படங்களைப் பார்த்தோம். உன் கழுத்தில் ஆயாவின் முத்துமாலை இல்லை. அம்மா கேட்டதற்கு, லாக்கரில் இருக்கிறது என்று ஒரே வரியில் பதில் அனுப்பியிருந்தாய்.

லாக்கரில் இருந்தால் உடனே வெளியே எடுத்துவிடு. முத்து மண்ணில் விளைந்த கல் அன்று. சிப்பியின் உடலுக்குள் அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு படிந்து உண்டானது, அதனுள் சிறிதளவு நீரும் உண்டு. ஆகவே வறண்ட இடத்தில் நெடுநாள் பூட்டி வைத்தால் அது மங்கும், வெடிப்பும் விடும். கழுத்தில் கிடப்பதே அதற்கு நல்லது. சென்ட் பூசி, தலைவாரி முடித்த பின் கடைசியாக அணிந்துகொள். கழற்றும்போது முதலில் கழற்றி, மெல்லிய துணியால் வியர்வையைத் துடைத்துவிடு. வினிகர், எலுமிச்சைச் சாறு பட்டால் முத்து கரையும். வைரத்தின் கடினம் மோஸ் அளவில் 10 என்றால் முத்துக்கு 2.5 முதல் 4.5 வரைதான், மற்ற நகைகளோடு சேர்த்துப் போடாதே. கொக்கிக்குப் பக்கத்து முத்தில் நகக்கீறல் போன்ற கோடு விழுந்தது அப்படித்தான்.

ஜூனில் பிறந்தவர்களுக்கு முத்து என்பது நகைக்கடைக்காரர்கள் சொல்வது. ஆயா அறிந்தது சந்திரனுக்கு முத்து என்பது மட்டுமே. உனக்கு மாதமும் ராசியும் இரண்டும் பொருந்தியதால்தான் பேத்திகளில் உன்னைத் தேர்ந்தெடுத்தார். பெரியப்பா வீட்டில் அன்று நடந்தது உனக்கே தெரியும். கொற்கைக் காலம் முதல் பேர்பெற்ற அந்தக் கடலில், 1961-இல் தூத்துக்குடியில் நடந்ததே கடைசி முத்துக்குளிப்பு; இனி அப்படி ஒரு மாலை கிடைக்காது. நீ இருக்கும் பஹ்ரைனும் முத்தெடுத்தே வாழ்ந்து, 1930-களில் ஜப்பானின் வளர்ப்பு முத்தால் நொடித்த ஊர்தான். அங்கே வேலை தேடிக்கொண்டு தனியாகப் போனவள் நீ என்று இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன். அப்படிப்பட்டவளுக்கு எங்களோடு பேச மட்டும் நேரமில்லை. எப்போது அழைத்தாலும் மாப்பிள்ளைதான் எடுத்து, நீ உறங்குவதாகச் சொல்கிறார்.

பொதுவாகச் சொல்கிறேன்: அடகுக்கடையில் முத்துக்கு மதிப்புப் போட மாட்டார்கள், கொக்கியின் தங்க எடைக்குத்தான் பணம். யார் கேட்டாலும் கொடுக்காதே. லாக்கரிலும் வைக்காதே.

பட்டுநூல் தளர்ந்திருக்கும். முத்துக்கு முத்து முடிச்சிட்டுக் கோர்த்துத் தரச் சௌகார்பேட்டையில் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மாலையோடு வா, அது இல்லாவிட்டாலும் வா. டிக்கெட் நான் எடுக்கிறேன். மாப்பிள்ளையிடம் பணம் கேட்க வேண்டாம்.

அப்பா