ஸ்டென்ட்டுக்கு காசு உண்டு, பல்செட்டுக்கு கிடையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நம்ம ஜனங்களோட ஆயுசு கூடிடுச்சுன்னு உங்க பேப்பர்ல வந்த கட்டுரையை படிச்சேன், சந்தோஷம்தான், சுதந்திரம் வாங்கினப்ப சராசரி ஆயுள் 32 வயசு பக்கம்தான் இருந்துச்சு, இப்ப 70ஐ தாண்டிட்டோம். அம்மை, காலரா, காசநோய்னு கொத்து கொத்தா செத்த ஊர்ல தடுப்பூசியும் மாத்திரையும் பண்ணின வேலை இது, அதை குறை சொல்ற ஆள் நான் இல்ல. ஆனா அந்த கட்டுரைல ஒரு விஷயம் விட்டுப்போச்சு. உலக சுகாதார நிறுவனம் 2019க்கு போட்ட கணக்குல இந்தியாவோட சராசரி ஆயுள் கிட்டத்தட்ட 71, அதுல ஆரோக்கியமா வாழற காலம் மட்டும் 60 சொச்சம். அப்ப நடுவுல இருக்குற பத்து வருஷம்? அதைப்பத்தி யாரும் பேசறதே இல்ல சார், அந்த பத்து வருஷத்தை வீட்ல வச்சு பாக்குறவங்கள்ல நானும் ஒருத்தி.

எனக்கு 64, எங்க அத்தைக்கு 87. வயசானவங்கள வயசானவங்களே பாக்குற காலம் இது, எனக்கே மூட்டு வலி. அத்தைக்கு ஹார்ட் ரத்தக்குழாய் அடைக்காம இருக்க ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்கு, ஹார்ட் நல்லா ஓடுது, பிபி சுகர் எல்லாம் கன்ட்ரோல். டாக்டர பொறுத்தவரைக்கும் அவங்க நல்லா இருக்காங்க. ஆனா காது கேக்கல, பல் இல்ல, அவங்க நாள் எப்படி போகுதுன்னா காலைல இட்லி, மதியம் குழைஞ்ச சாதம், ராத்திரி கஞ்சி, நடுவுல சத்தத்தை முழுசா ஏத்தி வச்ச டிவி. பேரன் போன் பண்ணா "நல்லாருக்கியாப்பா, சாப்டியாப்பா"ன்னு ரெண்டு கேள்வி கேட்டுட்டு, அவன் சொல்ற பதில் காதுல விழறதுக்குள்ள போனை என்கிட்ட நீட்டிடுவாங்க.

காது மிஷின் வாங்கலையான்னு கேப்பீங்க, வாங்கினோம். தனியார் கடைல முப்பதாயிரத்துக்கு மேல ஆச்சு, ஒரு காப்பீட்டு கார்டும் செல்லல. நீல ஸ்டிக்கர் ஒட்டின 675 நம்பர் பேட்டரி, ஸ்டிக்கரை உரிச்சா காத்து உள்ள போய் அப்பதான் வேலை செய்யும், உரிச்சுட்டா போட்டாலும் போடாட்டியும் தீர்ந்துகிட்டேதான் இருக்கும், இதையெல்லாம் கடைல யாரும் சொல்லல, நானா கத்துகிட்டேன். காதுல சரியா உக்காரலைன்னா கூஊன்னு விசில் அடிக்கும், அத்தை எரிச்சல்ல கழட்டி அலமாரில வச்சிடுவாங்க. அளவு பாத்து அச்சு மாத்தணும், சத்தத்தை திரும்ப செட் பண்ணணும், அதுக்கு கடைக்காரங்கள கூப்பிட்டா அடுத்த மாசம் வாங்கம்மாங்கறாங்க. வயசான காதுல முதல்ல போறது ஸ, ஷ, த மாதிரி மெல்லிசான சத்தம், அதனால நாம கத்தினா கத்தறது கேக்கும், என்ன சொன்னோம்னு புரியாது. மூஞ்சிக்கு நேரா உக்காந்து நிதானமா பேசணும், இது தெரியாம வீட்டுக்கு வீடு கத்திகிட்டு இருக்கோம்.

இது வெறும் சவுகரியத்துக்காக கேக்குற விஷயம் இல்லைங்க. மறதி நோய் வர்றதுக்கு நாம தடுக்கக்கூடிய காரணங்கள்ல காது கேளாமையும் முக்கியமானதுன்னு லான்செட் மருத்துவ இதழோட நிபுணர் குழு 2017லயே சொல்லிடுச்சு, அப்புறமும் சொல்லிகிட்டேதான் இருக்கு. பல்லும் அப்படித்தான், பல் இல்லைன்னா சுண்டல் கிடையாது கறி கிடையாது, வெறும் மாவுச்சத்துதான், உடம்புல சதை கரையும், கால்ல பலம் போகும், ஒரு நாள் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து தொடை எலும்பு உடையும். அப்ப பாருங்க, ஆம்புலன்ஸ் வரும், ஆபரேஷன், பிளேட்டு, எல்லாத்துக்கும் கார்டு செல்லும்! பாத்ரூம் சுவத்துல சில நூறு ரூபாய்க்கு ஒரு கைப்பிடி கம்பி பதிக்க மட்டும் அந்த கார்டு செல்லாது. முதலமைச்சர் காப்பீட்டுல வருஷம் 5 லட்சம், மத்திய அரசும் 2024 அக்டோபர்ல 70 வயசு தாண்டின எல்லாருக்கும் வருமானம் பாக்காம 5 லட்சம்னு கொண்டு வந்துச்சு, ரெண்டுமே நல்ல திட்டம், ஆனா ரெண்டும் ஆஸ்பத்திரில படுத்தாதான். படுக்காம நடமாடிகிட்டு இருக்கணும்னா சொந்த காசு. பிறவிலயே காது கேக்காத குழந்தைகளுக்கு காதுக்குள்ள கருவி வைக்கிற காக்ளியர் ஆபரேஷன் காப்பீட்டுல பண்றாங்க, அதை கையெடுத்து கும்பிடறேன், அந்த மனசு கிழவிகளுக்கும் கொஞ்சம் வரக்கூடாதா?

முடியாதுன்னு சொல்லாதீங்க, கண்ணுல நம்ம ஊர்க்காரங்களே செஞ்சு காட்டிட்டாங்க. அரசாங்க வேலைல இருந்து ரிடையர் ஆன டாக்டர் வெங்கடசாமி, முடக்குவாதத்துல விரல் எல்லாம் கோணிப்போனவர், 1976ல மதுரைல 11 படுக்கையோட அரவிந்த் ஆஸ்பத்திரிய ஆரம்பிச்சார். 1992ல கண்புரை ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸையும் இங்கயே தயாரிக்க ஆரம்பிச்சாங்க, வெளிநாட்டு லென்ஸ் வித்த விலை எங்க இது எங்க. இன்னிக்கு நிறைய கிராமத்துல கண்புரைன்னா கேம்ப் வரும், பஸ்ல கூட்டிட்டு போவாங்க, ஆபரேஷன் முடிச்சு கொண்டு வந்து விடுவாங்க, எங்க அத்தையே பேப்பர் எழுத்து படிக்கிறாங்க. கண்ணுக்கு முடிஞ்சது காதுக்கும் பல்லுக்கும் ஏன் முடியல? கண்ணு தெரியலைன்னா பாவம்ங்கறோம், காது கேக்கலைன்னா சிரிக்கிறோம், என்னை கேட்டா காரணம் அதுதான்.

திட்டமே இல்லைன்னும் சொல்ல முடியாது. மத்திய அரசோட ராஷ்ட்ரிய வயோஸ்ரீன்னு ஒண்ணு 2017லயே வந்துச்சு, வருமானம் கம்மியா இருக்குற பெரியவங்களுக்கு காது மிஷின், பல்செட், கண்ணாடி, கைத்தடி எல்லாம் இலவசம். ஆனா அது முகாம் போட்டு குடுக்குறது, குடுத்துட்டு போனா அடுத்த மாசம் விசில் அடிச்சா யார் பாப்பாங்க? சென்னை கிண்டில முதியோர் மருத்துவமனை 2024ல திறந்தாங்க, 200 படுக்கை, நல்லதுதான், திண்டுக்கல்ல இருந்து 87 வயசு மனுஷிய கூட்டிட்டு போய் வர்றது யாரு? மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பிபி மாத்திரை குடுக்குறாங்களே, பிசியோதெரபி கூட பண்றாங்க, அவங்களே காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு பாத்து, கேக்குதான்னு சின்னதா டெஸ்ட் பண்ணி தாலுகா ஆஸ்பத்திரிக்கு எழுதி குடுக்கட்டும், அங்க வாரத்துல ஒரு நாள் மிஷின் ரிப்பேர், பேட்டரி, பல்செட் இடுக்கறத ராவி குடுக்கற வேலை நடக்கட்டும். புது கட்டடம்கூட வேண்டாம், ஒரு ரூமும் ரெண்டு டெக்னீஷியனும் போதும்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். எங்க மாவட்டத்துல அடுத்த முகாம் எப்ப, எங்க, என்னென்ன சர்டிபிகேட் கொண்டு வரணும்ங்கறத உள்ளூர் பக்கத்துல முன்கூட்டியே போடுங்க. எல்லாம் முடிஞ்ச மறுநாள் மந்திரி வீல்சேர் குடுக்குற போட்டோவ மட்டும் போடறீங்க, அதை பாத்துட்டு நாங்க என்ன பண்ண?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்