பைரவை அடையாளம் காட்டிய அன்பருக்கு

திருவையாற்றில் ஆராதனைக் கச்சேரிகளைக் கேட்டே வளர்ந்த எனக்கு, தலைப்போ கலைஞர் பெயரோ இல்லாமல் கைப்பேசிக்கு வந்துசேர்ந்த ஓர் இசைத் துணுக்கு பல மாதங்களாக உறக்கத்தைக் கெடுத்துவந்தது. இயந்திரத் தாளத்தின்மேல் ஒலித்ததை மாயாமாளவகௌளை ராகம் என்றே எண்ணியிருந்தேன். அது 1982இல் சரண்ஜித் சிங் வெளியிட்ட, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்த இசைத்தட்டில் உள்ள, அதற்கு இணையான இந்துஸ்தானி ராகமான பைரவ் என்று நான் கேட்ட அரைமணி நேரத்தில் சொன்னவர் தாங்கள்.

பம்பாய்த் திரையிசையில் வாசித்துவந்த அவர் ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808, ஜூபிட்டர்-8 ஆகிய மின்னணு இசைக்கருவிகளால் அதை உருவாக்கினார் என்பதையும், அன்று அதிகம் கவனிக்கப்படாத அத்தட்டு 2010இல் மறுவெளியீடு கண்டபின்பே சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் என்னும் மின்னணு நடன இசைக்கு முன்னோடியோ என்று பலரும் வியந்தனர் என்பதையும் பொறுமையாக எழுதினீர்கள். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் 303இன் ‘ஸ்லைடு’ வசதியைத் தாங்கள் விளக்கிய பிறகே, அது ஏன் என் காதில் கர்நாடக இசையின் வழுக்கலான ஜாருவாக விழுந்தது என்று புரிந்தது. (சுரங்களை அசைத்து இசைக்கும் கமகம் என்று சொல்லத் துணிவில்லை, வித்வான்கள் பொறுத்தருள்க.)

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அமைத்துக் கொடுத்த மூக் சின்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியின் ஒலிநாடாப் பதிவுகளையும் தங்களால்தான் கேட்டேன். தங்கள் பெயரைக் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. இப்பக்கம் வந்தால், ஒரு பொட்டலம் அசோகா அல்வா தங்களுக்காக எடுத்துவைத்திருக்கிறேன்.