தம்பியின் ஆங்கிலம்

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் வகுப்பில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பத்தி ஆங்கிலம் சொந்தமாக எழுத வரவில்லை என்றும், அவர்களைக் கெடுத்தது செல்போன்தான் என்றும், ஆகவே தம்பியின் போனையும் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும் என்றும் போன வாரம் சொன்னாய். பிள்ளைகளுக்கு எழுத வரவில்லை என்பதை நம்புகிறேன். போனைப் பூட்டி வைக்க எனக்குச் சம்மதமில்லை. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய் என்பதால் எழுதுகிறேன்.

தம்பிக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று நீயும் அம்மாவும் முடிவு கட்டிவிட்டீர்கள். ஆனால் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவன் பாயில் சாய்ந்துகொண்டு படிப்பது முழுக்க ஐரோப்பியக் கால்பந்துச் செய்திகள், அதுவும் ஆங்கிலத்தில். ஒரு நாள் நானே வாயைக் கொடுத்துக் கேட்டேன். 2017இல் எம்பாப்பே என்ற ஆட்டக்காரரை மொனாக்கோ கிளப்பிடமிருந்து பிஎஸ்ஜி என்ற பாரிஸ் கிளப் முதலில் ஒரு வருட லோனில், அதாவது இரவலாக, எடுத்து, மறு ஆண்டுதான் 180 மில்லியன் யூரோவுக்கு வாங்கியதாகவும், அதே கோடையில் நெய்மார் என்ற இன்னொரு ஆட்டக்காரருக்கு 222 மில்லியன் கொட்டியிருந்ததால் யூஃபா என்ற கால்பந்து அமைப்பின் வரவு செலவு விதி அவர்களை நெருக்கியதாகவும் விளக்கினான். அதோடு விடாமல், லோன் முடிந்ததும் வாங்கினால் வாங்கலாம் என்கிற ஒப்பந்தம் வேறு, வாங்கியே தீர வேண்டும் என்கிற ஒப்பந்தம் வேறு என்று பிரித்துக் காட்டினான். துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் டேலி கிளார்க்காக இருந்து, ரசீதில் ஒரு சொல் மாறினால் நஷ்டம் யார் தலையில் விழும் என்று பார்த்துப் பழகிய எனக்கு, அந்தப் பிரிப்பு எவ்வளவு நுணுக்கமானது என்று தெரியும். எந்த நோட்ஸும் அதை அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

போன் விளையாட்டு விஷயமும் அப்படித்தான். அரசு 2020இல் பப்ஜியையும் 2022இல் ஃப்ரீ ஃபயரையும் தடை செய்தது. இந்தத் தெருப் பையன்கள் ஒரு வாரம் துக்கம் கொண்டாடிவிட்டு அடுத்த விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். புதிய அப்டேட் வந்தால் என்ன மாறியது என்ற நீளமான ஆங்கிலக் குறிப்பை ஒருவன் படித்து மற்றவர்களுக்குச் சொல்கிறான். அவர்கள் ஆங்கிலத்தில் திட்டும்போது மட்டும் இலக்கணப் பிழையே வருவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உன் சித்தப்பா மகளை எடுத்துக்கொள். பிடிஎஸ் என்ற கொரியப் பாடகர் குழுவின் பாட்டுகளுக்குக் கீழே ஓடும் ஆங்கில வரிகளை விடாமல் படித்து வந்தவள், இப்போது வாட்பேட் என்ற கதைத் தளத்தில் ஆங்கிலத்தில் தொடர்கதை எழுதுகிறாள். முகம் தெரியாத வாசகி ஒருத்தி, இறந்த காலத்தில் தொடங்கிய வாக்கியம் நிகழ்காலத்தில் முடிவதைச் சுட்டிக்காட்டியிருக்கிறாள். இவள் அன்றிரவே அந்த அத்தியாயம் முழுவதையும் திருத்தினாள். பள்ளிக் கட்டுரைக்குச் சிவப்பு மை மட்டும்தான் வாசகர். அடுத்த அத்தியாயம் எப்போது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அவளுக்கென்று தனிப் போன் கிடையாது; பாத்திரம் கழுவி முடித்த பிறகு அம்மாவின் போன் கைக்கு வந்தால் உண்டு. நீ போனைப் பற்றிக் கவலைப்படுவதானால் இதைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்படு.

எங்கள் காலத்தில் இதே வேலையை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளின் காமிக்ஸும், மினர்வா தியேட்டரில் பாதி புரிந்தும் புரியாமலும் பார்த்த ஆங்கிலப் படங்களும் செய்தன. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது எனக்குப் போனது ஒரு நூலகம். உன் தாத்தா அதை வெட்டி வேலை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

குறையும் இருக்கிறது. தம்பி படிப்பதெல்லாம் துண்டு துண்டானது, எழுதுவதெல்லாம் ஒற்றை வரி. தலைமையாசிரியருக்கு அவன் எழுதிய விடுப்புக் கடிதம், நண்பனுக்கு அனுப்பிய செய்தி போலவே இருந்தது. எதிரில் இருப்பவருக்கும் தன்னைப் போலவே எல்லாம் தெரியும் என்று எண்ணி எழுதுகிறான்; தெரியாதவருக்கு எடுத்துச் சொல்லும் எழுத்து அவனுக்குப் பழக்கமில்லை. உன் மாணவர்களின் சிக்கலும் இதுவாகத்தான் இருக்கும். போனைப் பிடுங்கினால் அந்தப் பழக்கம் வந்துவிடாது. அவன் இப்போது படிப்பதும் நின்றுவிடும்.

ஆகவே எம்பாப்பே கதையைக் கால்பந்தே பார்க்காத உனக்குப் புரியும்படி இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முனகிக்கொண்டே ஒரு பக்கம் எழுதியிருக்கிறான். வந்தவுடன் பிழை திருத்த உட்காராதே. உனக்கு எங்கெல்லாம் புரியவில்லையோ அங்கெல்லாம் கேள்வி கேள். யூஃபா என்றால் யார், லோன் எடுத்தால் சம்பளம் யார் கொடுப்பது என்று கேட்டால், அவனே அடுத்த பத்தியை எழுதியாக வேண்டும். காற்புள்ளி, பெரிய எழுத்தெல்லாம் மூன்றாம் முறை எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம். பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் மெயிலில் போடு. மெயில் எழுதும் முறையையும் அவன் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
அப்பா