மார்கழியில் கரட் போடாதே

அன்பின் மச்சான்,

பதில் போட இவ்வளவு நாள் பிந்தியது என் பிழைதான். வீட்டில் எல்லோரும் சுகம். பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல். டிசெம்பர் நடுவில் ஆற்றோரத் துண்டில் கரட் விதைக்கப் போகிறாய் என்று சின்னவன் சொன்னான். வேண்டாமடா.

கரட் பனிக்குத் தாங்கும் என்று நீ அடித்துப் பேசுவாய். தாங்கும், ஆனால் வேர் பிடித்த செடி மட்டும். உருளைக்கிழங்கு இலை ஒரே இரவில் கருகிப்போகும் பனியில், இரண்டு மாதக் கரட்டுக்கு இலை நுனி கொஞ்சம் சிவக்கும், அவ்வளவுதான். முளை அப்படியில்லை. மண்சூடு 20 பாகை இருந்தால் ஒரு கிழமையில் முளைக்கிற விதை, 10 பாகையில் இரண்டரைக் கிழமை எடுக்கும். அதுவரை ஈரத்தில் கிடந்து கொஞ்சம் அழுகவும் கூடும். மிச்சம் தலை நீட்டும்போது ஜனவரிப் பனி வந்து நிற்கும்.

நுவரெலியாப் பக்கம் துகள்பனி, அதாவது புல்லில் வெள்ளையாய் உறைகிற பனி, டிசெம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரைக்கும் கொட்டக்கூடியது. மேகமில்லாத, காற்றடிக்காத இரவில்தான் அது விழும். குளிர்காற்று பாரமானது, தண்ணீர் மாதிரிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உன் ஆற்றோரத் துண்டு அந்தப் பள்ளம்தான். நாலடி உயரத்தில் தொங்கும் வெப்பமானி 3 பாகை காட்டும்போதே கீழே புல் வெள்ளையாகிவிடும், அதை நம்பி இருந்துவிடாதே.

அதனால் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மேட்டுத் துண்டை எடு. ஒக்டோபர் முதல் பாதிக்குள் விதைத்தால் டிசெம்பர் கடைசியில் பத்துக் கிழமைச் செடி. அப்போது பெய்யும் மழை விதையை அடித்துக்கொண்டு போகும், அதுதான் பெரிய தொல்லை. பாத்தியை ஒரு சாண் உயர்த்து. முக்கால் சாணுக்கு ஒரு வரி கீறி, விதையை மணலோடு கலந்து அரை விரற்கடை ஆழத்தில் தூவி, மானாப்புல் பரப்பு. முளை தெரிந்த அன்றைக்கே புல்லை எடுத்துவிடு, இல்லாவிட்டால் தண்டு வெளிறி நீளும். மூன்றாம் கிழமை இரண்டு அங்குலத்துக்கு ஒரு செடி நிற்க, மிச்சத்தைப் பிடுங்கிவிடு. பனி வருமுன் மேலே தெரியும் கிழங்கின் தலையை மண்ணால் மூடு.

வெள்ளையாய் விடிந்தால் வெயில் படுமுன் தண்ணீர் தெளி, உறைந்த இலையை யாரும் மிதிக்கக் கூடாது.

ஒக்டோபரைத் தவறவிட்டால் பெப்ரவரி கடைசிவரை பொறு. மேட்டைக் கொத்தியதும் எழுது, மானாப்புல் இரண்டு கட்டு சின்னவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

உன் அன்பு நண்பன்