மடத்தின் பின்னறையைக் கேட்டு ஒரு மடல்

பர்மாவின் மோன் மாநிலத்திலும் பெகு வட்டாரத்திலும் உள்ள தமிழ்க் கோயில் அறங்காவலர்களுக்கு,

வணக்கம் ஐயாமார்களே. தட்டோன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் துணை மருத்துவச்சியாக இருக்கிறேன்.

போன ஆடியில் விடாத மழை. எங்கள் தெரு மருமகளுக்கு நள்ளிரவில் வலி எடுத்தது. ரெட்டைப்பிள்ளை. முதல் பையன் நல்லபடியாகப் பிறந்தான். அவன் தொப்புள்கொடியில் ஒரு நூல் கட்டினேன். அடுத்ததற்கு இரண்டு நூல் கட்டுவோம், அடையாளத்துக்கு. அதையும் வெட்டி வைத்திருந்தேன். வயிற்றைத் தடவினால் பக்கவாட்டில் தலை தட்டியது. பிள்ளை குறுக்கே கிடந்தது.

பெரும்பாலும் 30 நிமிடத்துக்குள் அடுத்தது வந்துவிடும். தாமதித்தால் கொடி முன்னால் நழுவலாம், நச்சுக்கொடி முன்பே கழன்றுவிடலாம். ஆஸ்பத்திரியில் வெளியிலிருந்தே பிள்ளையைத் திருப்பிப் பார்ப்பார்கள், வலி குறைந்தால் வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள், முடியாவிட்டால் ஆபரேஷன். என் பெட்டியிலும் அதே மருந்து 10 யூனிட் ஊசியாக இருந்தது. ஆனால் அது எல்லாப் பிள்ளையும் பிறந்த பிறகு உதிரப்போக்கைத் தடுக்கப் போடுவது. உள்ளே பிள்ளை இருக்கும்போது போட்டால் கர்ப்பப்பை இறுகி அதன் உயிரே போய்விடலாம். "ஒரு ஊசி போடும்மா" என்று மாமியார் கெஞ்சினார். மாட்டேன் என்றேன். நேராகக் கிடந்தால் முதல் பிள்ளைக்குப் பால் கொடுக்கச் சொல்லி வலியை வரவழைக்கலாம். குறுக்கே கிடந்தால் அதுவும் கூடாது.

மூன்று சக்கர வண்டி, முழங்கால் தண்ணீர், நடுவில் சோதனைச் சாவடி. போய்ச் சேர மூன்று மணி நேரம். தாய் பிழைத்தாள். அந்த இரண்டு நூலும் என் பையிலேயே இருந்தன.

பாதை போடச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை, அது உங்கள் கையில் இல்லை. தீமிதிக்கு வருகிறவர்கள் தங்க மடத்தில் அறைகள் இருக்கின்றன. திருவிழா முடிந்ததும் பூட்டிவிடுகிறீர்கள். ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் இருக்கும் கோயில்களில் ஒரே ஓர் அறையை ரெட்டைப்பிள்ளைக்காரிகளுக்கு விடுங்கள். ரெட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறையுமுன்பே பிறக்கிறார்கள், அதனால் எட்டாம் மாதத்திலேயே வந்து தங்கவேண்டும். துணைக்கு ஒருத்தி, ஓர் அடுப்பு, கொசுவலை போதும். அரிசி நாங்கள் கொண்டுவருவோம்.

தீட்டு என்று சிலர் சொல்வார்கள். பிரசவம் ஆஸ்பத்திரியில்தானே நடக்கப்போகிறது. பிள்ளைத்தாய்ச்சி தன் வாசலில் படுத்திருந்தால் அம்மன் எழுப்பி விரட்டவா போகிறாள்?

எங்கள் ஊரில் இன்னொருத்திக்கு ரெட்டை, இப்போது ஐந்தாம் மாதம். சாவியை யாரிடம் கேட்கவேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.