நான் வரவில்லை, அண்ணா

அண்ணா,

புதுக் கம்பெனியில் என்னையும் பார்ட்னராகச் சேரச் சொன்னீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன், வரவில்லை. நேரில் சொன்னால் பேசிப் பேசியே தலையாட்ட வைத்துவிடுவீர்கள் என்றுதான் இங்கே எழுதுகிறேன். நம் பழைய டீம் ஆட்களும் படிப்பார்கள். அதனால் எந்த சைட், யார் கட்டடம் என்பதெல்லாம் வேண்டாம்.

அந்த இரண்டாவது மாடி ஸ்லாப்தான் காரணம். நீங்கள் அதைச் சிரிப்புக் கதையாகச் சொல்லித் திரிகிறீர்கள்.

காங்கிரீட் போட்டு எட்டாம் நாளே, அடியில் தாங்கி நின்ற சென்ட்ரிங்கை, முட்டுகளோடு சேர்த்துப் பிரிக்கக் கிளம்பினீர்கள். ஸ்பான், அதாவது தாங்கல்களுக்கு இடையே உள்ள தூரம், ஐந்து மீட்டருக்கு மேல். ஸ்லாப் 4.5 மீட்டரைத் தாண்டினால் முட்டு 14 நாள் நிற்க வேண்டும் என்று, காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-ஐப் பிரித்துக் காட்டியதே நீங்கள்தான். அதுவும் சாதாரண சிமென்டுக்கு. நாம் போட்டதோ சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட், ஆரம்பத்தில் மெதுவாகத்தான் பலம் ஏறும். நீங்கள் மேலே நின்று சுத்தியலால் தட்டினீர்கள். "டங்குன்னு கேக்குது பாரு, இதுக்கு மேல என்ன டெஸ்ட்டு?" அதே காங்கிரீட்டில் வார்த்த கட்டிகளை லேபில் உடைத்துப் பார்க்கும் கியூப் டெஸ்ட் ரிசல்ட் வரட்டும் என்றேன். "சும்மா இரு பாப்பா." சென்ட்ரிங் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும்.

கீழே போய், முட்டாக நின்ற முதல் ஜாக்கியை நீங்களே தளர்த்தினீர்கள். துணிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த ஜாக்கிக்கு சென்ட்ரிங் பையன் ஒருவனைக் கூப்பிட்டீர்கள். அவன் ஒரு தடவை மேலே பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான், அப்புறம் சுத்தியலை எடுத்தான். கண்ணில் சிமென்ட் தூசி விழ, துடைத்துக்கொண்டே தட்டினான். நீங்கள் நின்றது உங்கள் இஷ்டம். அவனால் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா?

மேனேஜருக்கு ஃபோன் போட்டேன். ஒரு வரிசை கழற்றியதோடு வேலை நின்றது. அன்றிலிருந்து நான் போட்டுக்கொடுத்தவள். உங்களுக்கு அவமானமாகிவிட்டது, அதற்கு மன்னித்துவிடுங்கள். ஆனால் உங்களிடமே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம். சொன்னேன்.

ஸ்லாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வினை. விரிசல்கூட விடாததால் உங்கள் காதுதான் இன்னும் லேப். அடுத்த சைட்டில் நான் சொன்னது சரி என்று நிரூபிக்க ஏதாவது இடிந்து விழ வேண்டுமா?

அப்பா ஐ.சி.யூ.வில் கிடந்தபோது என் நைட் ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பார்த்தீர்கள். காலையில் சிமென்ட் படிந்த சட்டையோடு ஆஸ்பத்திரி வாசலில் இட்லிப் பொட்டலத்துடன் நின்றீர்கள். என் கூடப்பிறந்தவன் செய்யவில்லை அதை. கம்பி கட்டுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங்கை எண்ணக் கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தான். அப்படி எண்ணித்தான் பீமும் தூணும் சேருகிற இடத்தில் ரிங் விட்டுப்போனதைப் பிடித்தேன். மீட்டிங்கில் "நான் பாத்தேன்" என்றீர்கள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. இட்லிக்கும் அதற்கும் கணக்குச் சரியாகிவிட்டது என்று நினைத்தீர்களோ என்னவோ.

சரி. பூஜைக்குக் கூப்பிடுங்கள், வருகிறேன். குவாலிட்டிக்குத் தனியாக ஒரு ஆளைப் போடுங்கள். மச்சானைப் போடாதீர்கள், உங்களை எதிர்த்துப் பேசக்கூடிய ஆளாகப் பாருங்கள். சென்ட்ரிங் பிரிக்க அவர் கையெழுத்து வேண்டும் என்று முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். அப்புறம், அது பெண்ணாக இருந்தால் பாப்பா என்று கூப்பிடாதீர்கள்.